பாண்டிச்சேரியில் நாம் சாப்பிட்ட மதியச் சாப்பாடு

தம்பி,

நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசிக்கு ஒத்திப்போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ திருச்சியிலிருந்து அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் அச்சு நகல் புதன்கிழமை வந்து சேர்ந்தது. பிழை இருந்தால் திருத்தி உடனே அனுப்பச் சொல்லியிருந்தாய். பதினெட்டு வருடமாக ஊர்ப் பிள்ளைகளின் ஏட்டில் சிவப்பு மை வைத்தவளிடம்தானே கேட்கிறாய், சரிதான். பெண் வீட்டார் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன். முகூர்த்த நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் உன் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருக்கிறாய். நாலு நாளாக நான் அந்த இடத்தைத் தாண்டவில்லை. உன் அப்பா இறந்துவிட்டார் என்று நீ நம்புகிறாய், ஊரும் நம்புகிறது. நீ மூன்று வயதில் கொள்ளி வைத்தது அவர் உடம்புக்கு அல்ல. அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்த்தேன். நீயும் பார்த்தாய். பன்னிரண்டு வருடமாக இதை உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். நீ பந்தலில் உட்காரும் முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நீ கூட்டாளிகளிடம் எப்போதும் சொல்லும் ஒரு கதை உண்டு. பத்து வயதில் அம்மாவோடு பாண்டிச்சேரிக்குப் போனது, கடலில் கால் நனைத்தது, பிரெஞ்சு ஓட்டலில் முள்கரண்டியால் கறி சாப்பிட்டது, கறிக்குள் துணி கிடந்தது. போன பொங்கலுக்கு வந்தபோதுகூட அடுத்த வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து அதைச் சொன்னாய். அந்த வெள்ளைக்கார இனிப்பு தட்டில் ஆடியதை இரண்டு கையாலும் ஆட்டிக் காட்டினாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது மேசைக்கு உன் பக்கம் நடந்தது. என் பக்கம் நடந்ததை இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் அப்பாவைப் பற்றி. அவரைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது ரொம்பக் கொஞ்சம். குன்றக்குடிப் பக்கத்தில் நாலு வயலும் ஒரு கிணறும் உள்ள வீட்டில் பிறந்து, மண்வெட்டியைத் தொடப் பிடிக்காமல் கரண்டியைப் பிடித்தவர். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் பின்னால் திரிந்து வேலை கற்றுக்கொண்டார். ஆம்பிளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று என் மாமனார், அதுதான் உன் ஐயா, ஏசாத நாள் இல்லை. இடக்கைக்காரர் என்பதற்காகவும் ஏச்சு விழும். எனக்கு அவர் சமைப்பது பிடித்திருந்தது. நான் வாக்கப்பட்டு வந்தபோது எனக்குச் சோறு வடிக்க மட்டும்தான் தெரியும், மீதியெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. கல்பாசி, மராட்டி மொக்கு, பட்டை, சோம்பு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வைத்துச் சின்ன மூட்டையாகக் கட்டிக் குழம்பில் போடுவார். கொதித்து இறக்கும்போது எடுத்துவிடுவார். முடிச்சுப் போடுவது இடக்கையால். நீயும் நானும் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் நுனியை உள்ளே செருகிவிடுவார். அவிழ்க்க வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். "வாசம் வரணும், ஆனா வாயில தட்டுப்படக் கூடாது" என்பார். அந்த முடிச்சைப் போட நானும் பழகிப் பார்த்தேன், எனக்கு வரவே இல்லை.

காரைக்குடியில் ஒரு வியாபாரி வீட்டார், சைகோனில் இருந்த தங்கள் கடை ஆட்களுக்குச் சமைத்துப்போட ஆள் தேடினார்கள். அவர் ஒத்துக்கொண்டார். நீ அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம். மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிக் கப்பல் ஏறினார். இரண்டு வருடம் கடிதம் வந்தது. நீ பிறந்ததையும், உனக்கு ஐயாவின் பெயரை வைத்ததையும் எழுதினேன். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் உன்னைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன் என்றும் எழுதினேன். சந்தோஷப்பட்டுப் பதில் போட்டார். பிறகு கடிதம் நின்றது. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, சைகோனிலிருந்து வந்த ஒருவர் நம் வீட்டு வாசலில் ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினார். காலரா கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிழைக்கவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றார். பெட்டிக்குள் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, நான் எழுதிய கடிதங்கள். கடிதங்களை நூல் போட்டுக் கட்டியிருந்தது.

உடம்பு இல்லாததால் வைக்கோலில் ஓர் உருவம் செய்து காரியம் நடத்தினார்கள். ஐயா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் கையைப் பிடித்துக் கொள்ளி வைத்தார். எனக்குச் செய்ய வேண்டியதைப் பதினாறாம் நாள் செய்தார்கள், அதை எழுத வேண்டாம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எட்டாவது வரை படித்திருந்தேன். ஐயா ஒரு நல்ல காரியம் செய்தார், என்னை மூலையில் உட்காரவிடவில்லை. ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினார். இரண்டு வருடத்தில் காரைக்குடியில் வேலை கிடைத்தது. உனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கோவிலூர்க் குளக்கரையில் உன்னை உட்காரவைத்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடச் செய்தோம். வீட்டில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டோம்.

இனி பாண்டிச்சேரி. அறுபத்தேழாம் வருடம் கோடை விடுமுறையில் கடலூரில் எங்களுக்குப் பத்து நாள் பயிற்சி வைத்தார்கள். உன்னையும் கூட்டிப்போனேன். கடலைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினோம். நீ கடற்கரையை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தாய். உன்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டபோது மணி இரண்டுக்கு மேல். நாம் பார்த்த மெஸ்ஸில் எல்லாம் சாப்பாடு முடிந்துபோயிருந்தது. வெயிலில் தெருக் கல் கொதித்தது. ஒரு மஞ்சள் சுவர் வீட்டு வாசலில் பலகை தொங்கியது, மேலே பிரெஞ்சு, கீழே தமிழில் 'பிரெஞ்சுச் சாப்பாடு'. நமக்குக் கட்டாது என்று நான் தாண்டிப் போகப் பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "வாங்கம்மா, பிள்ளைய வெயில்ல நிறுத்தாதீங்க, மெஸ் சாப்பாட்டு விலைதான்" என்றாள்.

அது ஓட்டல் இல்லை தம்பி, வீடு. முன்னறையில் நாலு மேசை போட்டு, பூப்போட்ட ரப்பர் விரிப்பு விரித்திருந்தார்கள். சமையலறைச் சுவரில் தட்டு நீட்டுகிற அளவுக்கு ஒரு ஜன்னல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்குகிற இரண்டு கிழவர்கள் மட்டும் ஒரு மேசையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. அன்றைக்கு என்ன செய்தார்களோ அது வரும், முதலில் சூப்பும் ரொட்டியும், பிறகு ஒரு கறி, கடைசியில் இனிப்பு. நான் கறி சாப்பிடுவதில்லை என்றதும் அந்தப் பெண், என் வெறும் நெற்றியைப் பார்த்து, மறு பேச்சில்லாமல் உருளைக்கிழங்கு சூப்பை இன்னொரு தடவை ஊற்றினாள். ரொட்டிக் கூடையை ஒரு சின்னப் பெண் தூக்கிவந்தாள், நாலைந்து வயதிருக்கும். ரொட்டியின் மொறுமொறுப்பான நுனியை எடுத்து உன் தட்டில் வைத்துவிட்டு, வேறு யாரும் எடுத்துவிடாதபடி பக்கத்திலேயே நின்றாள். நீ கதையில் அவளை விட்டதே இல்லை.

உனக்குக் கோழிக்கறி வந்தது. வெள்ளைக்காரப் பக்குவம், காரம் இல்லை, வெங்காயமும் காரட்டும் மிதந்தன. நீ பாதி சாப்பிட்டதும், "அம்மா, இதுல துணி கெடக்கு" என்று கரண்டியில் தூக்கிக் காட்டினாய். சின்ன மூட்டை. நான் அதை வாங்கித் தட்டு ஓரத்தில் வைத்தேன். வைக்கும்போதே வாசம் வந்துவிட்டது. கல்பாசி. எதிர்ப்பக்கமாக இரண்டு சுற்று, நூல் நுனி உள்ளே. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை.

அந்தப் பெண் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். வெள்ளைக்காரர்கள் இலை தழையை இப்படித்தான் கட்டிப் போடுவார்கள், தன் வீட்டுக்காரர் அதோடு அவர் ஊர்ச் சரக்கையும் சேர்த்துக் கட்டிவிடுவார், இன்றைக்கு எடுக்க மறந்துவிட்டார் என்று சிரித்தாள். எந்த ஊர் என்று கேட்டேன். செட்டிநாட்டுப் பக்கம் என்றாள். அவளுடைய அப்பா பாண்டிச்சேரிக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், அம்மா சைகோன்காரி, அவளும் அங்கே பிறந்து வளர்ந்தவள், அங்கேதான் இவரைக் கட்டிக்கொண்டாளாம். கையில் பிள்ளையோடு இங்கே வந்து நாலு வருடமாகிறதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்மைப் பார்த்து மனம் இளகியதோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவருக்கு ஊருல முன்னாடியே கல்யாணமாகி ஒரு பையனும் இருந்துச்சாம். காலராவுல ரெண்டு பேரும் ஒரே வாரத்துல போயிட்டாங்களாம். அதுலேருந்து அந்த ஊர்ப் பக்கமே திரும்புறதில்ல. உங்க பையன் வயசுதாம்மா இருக்கும் இப்ப."

தம்பி, எனக்கு மயக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நாம் வீட்டில் அவருக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் அங்கே நம்மைக் காலராவில் சாகவைத்துவிட்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வியாதிகூட அதே வியாதி, வேறு யோசிக்க அவருக்குச் சோம்பல். அந்த மேசையில் நீயும் நானும் செத்தவர்களாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செத்தவர்களுக்கு அவர் போட்ட சாப்பாடு. அப்போது எனக்குத் தோன்றியது இதுதான், இன்றுவரை என்னை விடாததும் இதுதான்.

ஜன்னல் வழியே ஒரு முகம் தெரிந்து மறைந்தது. பிறகு அவரே வெளியே வந்தார், கையில் உன் இனிப்பு. தலை முன்பக்கம் வழுக்கை விழுந்து, உடம்பு போட்டிருந்தது. வேட்டி இல்லை, கால்சட்டை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு நெற்றியைப் பார்த்தார், பிறகு பார்வையைக் கீழே இறக்கிவிட்டார். தட்டை உன் முன்னால் வைத்தார். நீ இடக்கையால் ஸ்பூனை எடுத்தாய். நான் எத்தனை தடவை அடித்திருப்பேன் அந்தக் கையை, அன்றைக்கு அடிக்கவில்லை. அவர் உன் கையையே பார்த்துக்கொண்டு, "தம்பி பேரு என்ன?" என்று கேட்டார். நீ உன் பெயரைச் சொன்னாய், அவருடைய அப்பா பெயர். எந்த ஊர் என்றார். காரைக்குடி என்றாய். அதற்குப் பிறகு, ஏன் கேட்டாரோ, எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததோ, "ஒங்கப்பா?" என்றார்.

நீ வாயில் இனிப்போடு, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாய். "எங்கப்பா செத்துப் போனாக. ஆடி அமாவாசைக்கு நாந்தான் எள்ளுந் தண்ணியும் விடுவேன்."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "விடு தம்பி. வருசந் தவறாம விடு."

நீ கதை சொல்லும்போது இந்த இடத்தில் எப்போதும் இனிப்புக்குத் தாவிவிடுகிறாய். மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நல்லதுதான் என்று இருந்தேன். அந்த மனிதர் தான் செத்தது சரி என்று சொந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அவர் என் பக்கம் திரும்பி, என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "இன்னுங் கொஞ்சம் சூப்பு ஊத்தவா?" என்றார். நான் போதும் என்றேன். பத்து வருடம் கழித்து என் புருஷனிடம் நான் பேசிய ஒரே வார்த்தை அது. அந்தப் பெண் நம்மைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டாள், உன் கன்னத்தைத் தடவினாள், மறுபடி வந்தால் கட்டாயம் வரச் சொன்னாள். அவள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை.

பஸ்ஸில் நீ கேட்டாய், அந்தச் சமையல்கார மாமா ஏன் அழுதாக என்று. அடுப்புப் புகை என்றேன். நீ என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாய். எனக்கு அந்த டிரங்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. வேட்டி இரண்டும் ஓரம் பிசகாமல் மடித்து வைத்திருந்தது. என் கடிதங்களைக் கட்டிய நூலில் இதே முடிச்சு, அன்றைக்கே அறுத்துத்தான் எடுத்தேன். காலராவில் போனவன் பெட்டியை ஊர் கடத்தி யார் அனுப்புவார்கள், துணியை யார் மடித்து வைப்பார்கள்? நாங்கள் யாரும் கேட்கவில்லை. சாவுச் செய்தி கொண்டுவந்தவனிடம் கேள்வி கேட்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை, சொம்பில் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்போம். அந்தப் பெட்டியை அடுக்கியது அவரேதான்.

ஏன் கத்தவில்லை, ஏன் ஊருக்கு வந்து சொல்லவில்லை என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். நல்ல காரணம் ஒன்று உண்டு, அந்தச் சின்னப் பெண் உன் பக்கத்தில் நின்றது. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. விதவைக்கு ஊரில் ஓர் இடம் இருந்தது, டீச்சர் என்று எழுந்து நின்றார்கள். வாழாவெட்டிக்கு அது கிடையாது. புருஷன் செத்தால் பாவம் என்பார்கள், விட்டுவிட்டுப் போனால் இவளிடம் என்ன குறையோ என்பார்கள். உன்னையும் அப்பா இல்லாத பிள்ளை என்று தலையைத் தடவியவர்கள், அப்பன் வேண்டாம் என்று விட்ட பிள்ளை என்று சொல்லியிருப்பார்கள். அதைவிட அவர் செத்தவராகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். கடலூருக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

செத்துப்போனார் என்று நான் நம்பிய காலத்தில் அவர் ஒரு நாளும் என் கனவில் வந்ததில்லை. உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குள் நடமாடத் தொடங்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் அடுப்படியில் யாரோ இப்போதுதான் நகர்ந்த மாதிரி இருக்கும். அடுப்பு மூட்டாத நாளில் கல்பாசி வாசம் அடிக்கும். அதற்காகவே அந்தச் சரக்கை வாங்குவதை நிறுத்தினேன். நம் வீட்டுக் குழம்பு மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது என்று நீ கேட்டபோது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் இலை போட்டு விளக்கேற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காத்திருப்போமே, அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பயம் தாங்காது. உள்ளே யார் வந்து சாப்பிடுவார்கள்? வருவதற்குத்தான் யாரும் இல்லையே.

உனக்குப் பதின்மூன்று வயதில், கால்பந்துப் போட்டி இருக்கிறது, இந்த வருடம் குளக்கரைக்கு வர மாட்டேன் என்றாய். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். ஐயாவே பதறிப்போனார். அப்பா மேல் உள்ள பக்தி என்று ஊர் நினைத்தது, நீயும் நினைத்திருப்பாய். இல்லை தம்பி. வருசந் தவறாம விடு என்று அந்த ஆள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கேட்டதை அவருக்குக் கொடுக்க வேண்டும், ஒரு வருடம்கூடத் தவற விடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. அந்த வெறிக்கு உன் கையைக் கருவியாக்கினேன். உன்னை அடித்ததற்கு இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதற்கு மன்னிப்பு உன்னிடம் கேட்டுப் பயனில்லை. ஐயா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, கடைசி இரண்டு நாள், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்குட்டு நிக்கிறான் பாரு, உள்ள கூப்புடு" என்று என்னிடம் சொன்னார். செத்த மகன் அப்பாவை அழைத்துப்போக வந்திருக்கிறான் என்று சுற்றியிருந்தவர்கள் கும்பிட்டார்கள். வாசலில் அப்படி யாரும் வந்திருக்க முடியாது என்று தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். தபாலாபீசுக்குப் போனேன். தந்திக் காகிதம் வாங்கி அந்தத் தெருவின் பெயர் வரை எழுதினேன். அனுப்பியிருந்தால் உன் அப்பா வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். என்னைப் படிக்கவைத்த மனிதருக்கு நான் செய்திருக்கக்கூடிய ஒரே கைம்மாறு அது. அந்தக் காகிதத்தைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து என்று அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமில்லை, பழிவாங்கினேன். யார் மேல் விழுந்தது பார், அந்தக் கிழவர் மேல். மறுநாள் விடியற்காலையில் ஐயா போய்விட்டார், வாசலைப் பார்த்தபடியே. அவருக்கும் நீதான் கொள்ளி வைத்தாய், உன் அப்பா வைத்திருக்க வேண்டியது.

இப்போது நீ ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். கல்யாணப் புத்திமதி எல்லாரும் சொல்வார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். எந்தக் காலத்திலாவது அவளோடு வாழப் பிடிக்காமல் போனால், அவள் எதிரில் நின்று உன் வாயால் சொல்லு. அவள் கத்தட்டும், அழட்டும், உன்னை அடிக்கட்டும், நின்று வாங்கிக்கொள். பெட்டியை அடுக்கி அனுப்பிவிடாதே. அவரைப் பார்த்தும் பேசாமல் வந்த என்னைப் போலவும் அவளை ஆக்கிவிடாதே. அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டுக்குள் இன்னொரு பேய் வேண்டாம்.

உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பதையும் இந்தக் கடிதம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது பதினாறு, பதினேழு வயதாகியிருக்கும். அந்த வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு, மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல். இன்னும் அங்கே இருக்கிறார்களா, அவர் இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. நான் பிறகு போகவில்லை, விசாரிக்கவும் இல்லை. நீ போய்ப் பார்த்தால் நான் தடுக்க மாட்டேன். போகாவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

பத்திரிகை நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வார்த்தையைச் சிவப்பு மையால் அடிக்க எனக்குக் கை வரவில்லை, பென்சிலால் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அதை வைப்பதோ எடுப்பதோ நீ பார்த்துச் செய், ஊர் என்ன கேட்டாலும் இந்தத் தடவை பதில் சொல்ல நான் இருக்கிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்கால் வலி மட்டும் உண்டு. திருச்சியில் மழை உண்டா, நேரத்துக்குச் சாப்பிடு.

கல்யாணம் ஆவணியில். அதற்கு முன்னால் ஆடி அமாவாசை வருகிறது. எல்லா வருடமும் ஆனி பிறந்ததுமே எள் வாங்கிப் புடைத்து டப்பாவில் போட்டு வைத்துவிடுவேன். இந்த வருடம் இன்னும் வாங்கவில்லை. நீ எழுதினால் வாங்குகிறேன்.

அம்மா